உள்வாயில் தேக்கம், கடைமடையில் வறட்சி: ‘பம்பிங் கம்மி’ பற்றி

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் ஒப்பாரி வைக்காத குறைதான். அதை ‘இதயச் செயலிழப்பு’ என்று தமிழாக்கியது இன்னும் மோசம். செயல் இழந்த இதயத்தோடு ஒருவர் எப்படிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்? இதயம் திடீரென நின்றுபோவது வேறு. ரத்தக்குழாய் அடைத்து மாரடைப்பு வருவது வேறு. இது மூன்றாவது. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு கேட்கும் அளவுக்கு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை. அல்லது தள்ளிவிடுகிறது, ஆனால் அதற்காக அதன் உள்ளே அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. வேலூர்ப் பக்கம் ஓ.பி. வாசலில் வீட்டார் சொல்லும் ‘பம்பிங் கம்மி’தான் இருப்பதில் நேர்மையான பெயர். அதுவும் முழுக்கச் சரியில்லை. ஏன் என்பது கீழே வரும்.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இடது கீழறையில் ஒவ்வொரு துடிப்புக்கு முன்பும் சுமார் 120 மி.லி. ரத்தம் நிரம்பும். அதில் 70 மி.லி. வெளியே போகும், மீதி உள்ளேயே நிற்கும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஏறக்குறைய ஐந்து லிட்டர். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் வரும் ‘இ.எஃப்.’ (எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்) என்ற எண், நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியே போனது என்ற கணக்கு. 55 முதல் 70 வரை இயல்பு. இதைப் பரீட்சை மார்க் மாதிரி 100-க்கு வைத்துப் படிப்பவர்கள்தான் அதிகம். ‘எங்கப்பாவுக்கு 35 தான் கீதாம், ஃபெயிலு’ என்பார்கள். யாருக்கும் 100 வராது. 60 இருக்கவேண்டிய இடத்தில் 35 இருக்கிறது, அவ்வளவே. அது பெரிய குறைதான். ஆனால் இதயத்தில் மூன்றில் இரண்டு பங்கு செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 40-ம் அதற்குக் கீழும் ஒரு வகை, 50-ம் அதற்கு மேலும் இன்னொரு வகை, நடுவில் 41 முதல் 49 வரை மூன்றாவது வகை. மருந்து முடிவாவது பெரும்பாலும் இந்தப் பிரிவை வைத்துத்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் ஊர் ஏரியை. மதகு பாதிதான் திறக்கிறது என்றால் இரண்டு இடத்தில் புகார் வரும். கால்வாய் முடியும் இடத்தில் இருக்கும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாது. ஏரிக்கு நீர் வந்து சேரும் பக்கமான உள்வாயில் இருக்கும் நிலங்களில் தண்ணீர் ஏறி நிற்கும். இதயத்தின் இடது பக்கத்துக்கு உள்வாய், நுரையீரல். கடைமடை, சிறுநீரகமும் கைகால் தசைகளும் மூளையும். மூச்சு வாங்குவது உள்வாயின் புகார். அசதி, தலைசுற்றல், சிறுநீர் குறைவது எல்லாம் கடைமடையின் புகார்.

இதில் கெடுதலை இரட்டிப்பாக்குவது சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தம் குறைந்தால், உடம்பில் ரத்தம் போய்விட்டது அல்லது தண்ணீர் வற்றிவிட்டது என்றுதான் அதற்குப் படித்துக்கொள்ளத் தெரியும். காயத்துக்கும் பஞ்சத்துக்கும் பழகிய உறுப்பு அது. எனவே ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்று வரிசையாக ஹார்மோன்களைக் கிளப்பி, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அட்ரீனலின் ஏறி, இதயம் வேகமாக அடிக்கிறது. கடைமடைக்காரர் மனு கொடுத்ததும், மதகைப் போய்ப் பார்க்காமல் வரத்துக்கால்வாயை அகலமாகத் திறந்துவிட்ட கதை. ஏரிக்கு வரத்து கூடுகிறது, மதகு அதே பாதிதான், உள்வாயில் இன்னும் தண்ணீர் ஏறுகிறது. நீர் கூடக்கூட இதய அறை விரிகிறது. விரிந்த அறையில் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. கசிவால் அறை இன்னும் விரிகிறது. ‘ஹார்ட்டு வீங்கிடுச்சு’ என்பது இதைத்தான். இந்த நோயில் விளைவு அடுத்த நாளே காரணமாகிவிடும். மருந்துகள் பெரும்பாலும் இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓடவைப்பதில்லை. இந்தத் தப்பான மனுவைத்தான் கிழித்துப்போடுகின்றன.

அறிகுறிகளுக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் மாதக்கணக்கில் நேரம் வீணாகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது வயதால் என்று விட்டுவிடுவார்கள். அதைவிடத் தெளிவான அடையாளம் படுக்கும்போது தெரியும். மல்லாந்து படுத்தால், கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த ரத்தம் மார்புக்குத் திரும்பி நுரையீரலை அழுத்துகிறது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மூச்சுமுட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்துவைத்து உட்காருவது இதற்கே உரிய குணம். கோலம் போடவோ செருப்பு வார் மாட்டவோ குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு அடைப்பதும் அப்படித்தான். படுத்தால் கூடும் வறட்டு இருமலை ‘வீசிங்’ என்று சொல்லி நெபுலைசர் வைத்துக்கொண்டே இருப்பார்கள். பகலில் கொஞ்சமாகவும், இரவில் நான்கைந்து தடவையும் சிறுநீர் போவது சர்க்கரையால் மட்டும் வருவதில்லை. படுத்ததும் சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுகிறது, அதனாலும்தான்.

வலது பக்கமும் தளர்ந்தால் தேக்கம் கால், ஈரல், குடல் என்று இறங்கும். ஈரலும் குடலும் நீர்கோத்து நிற்கும்போது நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கும், பசியே எடுக்காது. இதைத்தான் ‘கேஸு’ என்கிறோம். ஓம வாட்டர், சோடா, கேஸ் மாத்திரை என்று மூன்று மாதம் போன பிறகு எக்கோ எடுப்பவர்கள் ஏராளம். கேஸ் என்று நினைப்பவருக்கு கால் வீக்கமும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இதயத்தைப் பார்ப்பது நல்லது.

வீக்கத்தைச் சோதிக்க, கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எடுத்த பிறகும் குழி நின்றால் அது நீர். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் வற்றியிருக்கும், நீர் முதுகின் அடிப்பகுதியில் இறங்கியிருக்கும். அங்கே அழுத்திப் பாருங்கள். எல்லா வீக்கமும் இதயம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்காகத் தரும் அம்லோடிபின் மாத்திரையே கணுக்காலை வீங்கவைக்கும். சிறுநீரகம், ஈரல், யானைக்கால் எல்லாம் காரணமாகலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அது அன்றே பார்க்கவேண்டியது.

வேர்

இந்த நோயைப் பேசும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த இதயம் ஏன் தளர்ந்தது என்பது ஒன்று. தளர்ந்த இதயத்தோடு ஆறு மாதம் நன்றாக இருந்தவர் இந்த வாரம் ஏன் மோசமானார் என்பது இன்னொன்று. முதலாவது வேர், இரண்டாவது தூண்டல். வேரை மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும். தூண்டல் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும், வீட்டாரால்தான் சொல்ல முடியும்.

வேர்களில் முதலிடம் மாரடைப்புக்கு. அடைப்பு நீடித்த அளவுக்குத் தசை செத்து வடுவாகும். வடு சுருங்கி விரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்து போய்விடுவதுண்டு. ‘எனக்கு அட்டாக்கே வரலையே’ என்று சொல்பவரின் ஈ.சி.ஜி.யில் பழைய வடு தெரிவது அரிதில்லை. அடுத்தது பல வருடம் கட்டுப்படாத ரத்த அழுத்தம். எதிர்ப்பை முட்டி முட்டித் தள்ளிய தசை தடித்து விறைக்கிறது. விறைத்த அறை நன்றாகச் சுருங்கும், ஆனால் தளர்ந்து நிரம்பாது. இ.எஃப். 60 இருக்கும், மூச்சு வாங்கும், காலும் வீங்கும். ‘எக்கோ நார்மல், ஒன்னுமில்ல’ என்று அனுப்பிவைக்கப்படுவது இவர்கள்தான்: பெரும்பாலும் வயதான, உடல் பருத்த, சர்க்கரையும் அழுத்தமும் உள்ள பெண்கள். ‘பம்பிங் கம்மி’ முழுக்கச் சரியான பெயர் இல்லை என்று சொன்னது இதனால்தான்.

நம் பக்கம் மறக்கக்கூடாத வேர், ருமாட்டிக் வால்வு நோய். பள்ளிக்கூட வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கம், பிறகு எல்லாம் சரியானது போல இருக்கும். பத்து, இருபது வருடம் கழித்து, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்து ஒட்டிப்போய், 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்கவேண்டியது 1.5-க்கும் கீழே வந்து நிற்கும். இங்கே பம்ப்பில் பழுதே இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் கதவுதான் அடைத்திருக்கிறது. பல பெண்களுக்கு இது கர்ப்பத்தில்தான் வெளிப்படும், ஏனென்றால் அப்போது உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவருக்கு மறுபடி வராமலிருக்க பென்சத்தீன் பெனிசிலின் 12 லட்சம் யூனிட் ஊசி, 21 அல்லது 28 நாளுக்கு ஒருமுறை போடுவார்கள். வால்வு அதிகம் கெட்டவர்களுக்கு 40 வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும். ஊசி வலிக்கிறது, வேலைக்கு லீவு கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் நடக்கிறது. விட்டால் அடுத்த காய்ச்சல் வால்வை இன்னும் கெடுக்கும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1960-களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. இப்போது பொருத்தமான வால்வாக இருந்தால் மார்பைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் அனுப்பியே ஒட்டியதைப் பிரித்துவிடுகிறார்கள்.

பிரசவத்தோடு ஒட்டிய இன்னொரு வேர்: கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரைக்குள் இதயத் தசை திடீரெனத் தளர்வது. பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்கும், அசதி இருக்கும், தூக்கம் கெடும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னால் ஆறுதலை நிறுத்திவிட்டு எக்கோ எடுக்க வேண்டும். சரியான நேரத்தில் பிடித்தால் பலருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த கர்ப்பம் பற்றி மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல வருடக் குடி தசையை நேரடியாகத் தளரவைக்கும், நிறுத்தினால் இ.எஃப். ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள், தைராய்டு கூடுவதும் குறைவதும், கடும் ரத்தசோகை, மாதக்கணக்கில் 130, 140 என்று ஓடும் ஒழுங்கற்ற துடிப்பு, சில குடும்பங்களில் பரம்பரை. பீடியும் விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுத்தால் அதன் வழியாக வலது பக்க இதயம் தளரும். இவற்றில் சில திருப்பிச் சரிசெய்யக்கூடியவை என்பதால்தான் முதல் தடவையே டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்புக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), பொட்டாசியம் எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள். ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் இந்த நோயில் அது இரும்புக் குறைவுதான். மாத்திரையாகத் தரும் இரும்பு இவர்களுக்கு அவ்வளவாக ஏறாது, ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள்.

மூச்சு வாங்குவது இதயத்தாலா நுரையீரலாலா என்று குழம்பும்போது என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். அவசரமாக வந்தவருக்கு 300-க்குக் கீழே, ஓ.பி.யில் நடந்து வந்தவருக்கு 125-க்குக் கீழே என்றால் இதயம் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறுநீரகம் கெட்டவருக்கு இந்த எண் சும்மாவே ஏறி நிற்கும். உடல் பருத்தவருக்கு நோய் இருந்தும் குறைத்துக் காட்டும்.

தூண்டல்

முதல் சந்தேகம் எப்போதும் உப்பின் மீது. ஒரு தட்டையான டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய 5 கிராம், அதில் சோடியம் 2 கிராம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து இதற்குள் இருக்க வேண்டும். காலையில் கூழோடு ஒரு துண்டு கருவாடும் மோர்மிளகாயும், மதியம் சாம்பாரும் ரசமும் அப்பளமும் ஊறுகாயும் என்று போனால், இரவு இட்லிக்கு முன்பே கணக்கு தாண்டிவிடும். இட்லி மாவிலேயே உப்பு இருக்கிறது, சட்னி வேறு. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றி முடிந்த பிறகும், கல்யாண சீசனுக்குப் பிறகும் கால் வீங்கி வருவதற்கு இதுதான் கணக்கு. ஆம்பூர் பிரியாணி ஒரு தட்டு சாப்பிட்டதாலேயே யாரும் சாகப்போவதில்லை. ஆனால் அன்றைய மற்ற வேளைகள் உப்பில்லாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் நடக்கக்கூடிய வழி: காலையில் ஒரு டப்பாவில் ஒரு தட்டையான டீஸ்பூன் உப்பு எடுத்துவையுங்கள். அவருக்கான சாம்பார், பொரியலை உப்பு போடுவதற்கு முன் தனியாக எடுத்து, இந்த டப்பாவிலிருந்து மட்டும் போடுங்கள். மாவிலும் பன், பிஸ்கெட்டிலும் மறைந்து வரும் உப்புக்காக டப்பாவில் கொஞ்சம் மிச்சம் நிற்க வேண்டும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி தாராளமாக இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் நாக்கு பழகிவிடும். இந்துப்பு நல்லது என்று வாங்காதீர்கள். நிறம்தான் வேறு, உள்ளே அதே சோடியம் குளோரைடு. ‘லோ சோடியம்’ உப்பு இன்னும் ஆபத்து: அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது, இந்த நோயாளிகள் சாப்பிடும் மாத்திரைகளோ ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றுபவை. சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு அந்த உப்பும் தினம் இரண்டு இளநீரும் சேர்ந்தால் துடிப்பே தடுமாறலாம்.

உப்புக்கு அடுத்தது வலி மாத்திரை. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதைத் தடுக்கும். சிறுநீரைக் கூட்டித் தேக்கத்தை வடிக்கும் நீர் மாத்திரை வேலை செய்யாமல் போகும். ஐந்து நாள் சாப்பிட்டாலே மூன்று கிலோ ஏறி வந்து நிற்பார்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதுவும் தண்ணீரில் கரைந்து நுரைக்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு, அதுவும் நீரைப் பிடித்து வைக்கும். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோனும் இவர்களுக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில் ‘வேறு மாத்திரை சாப்பிடுறீங்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, ‘கால்வலிக்கு மட்டும்’ என்று பிறகு சொல்பவர்கள்தான் எல்லாரும். அந்த ‘மட்டும்’தான் பதில்.

நீர் மாத்திரையை நிறுத்துவது அடுத்தது. ஒடுகத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ பஸ் ஏறி வேலூர் வரவேண்டிய நாளில், வழியில் ஒதுங்க இடம் இல்லை என்று பெண்கள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் வரும் நாளிலேயே நீர் ஏறியிருக்கும். ஃப்யூரோசிமைடு என்ற நீர் மாத்திரை, சாப்பிட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்கி சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும். பயண நாளில் விடவேண்டியதில்லை, வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வேளை உள்ளவர்கள் இரண்டாவதை மாலை நான்கு மணிக்குள் முடித்தால் இரவுத் தூக்கம் கெடாது. ரம்ஜான் நோன்பு இருக்க விரும்புபவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். போன மாதம்தான் வார்டில் இருந்தவர் இந்த வருடம் விட்டுவிடுவதே நல்லது. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கி.மீ.; வீட்டுக்குள் நடந்தாலே மூச்சு வாங்குபவருக்கு அது இப்போதைக்கு ஆட்டோவில்தான்.

சளி, நிமோனியா காய்ச்சலும் பெரிய தூண்டல். ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃப்ளூயன்சா ஊசியும், நிமோகாக்கஸ் ஊசியும் இவர்களுக்கு வீண்செலவு இல்லை.

வேலூர் வெயிலுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது வியர்வையிலேயே நீர் போய்விடும். அதே அளவு நீர் மாத்திரை தொடர்ந்தால் எதிர்ப்பக்கம் சாயும்: எழுந்தால் கண் இருட்டும், அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே போகும், கிரியாட்டினின் ஏறும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே போன் செய்து நீர் மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசினையும் (கீழே மாத்திரைப் பெட்டியில் வரும்) தற்காலிகமாக நிறுத்தவேண்டுமா என்று கேளுங்கள். எல்லாருக்கும் தண்ணீரை அளந்து கொடுக்கவேண்டியதில்லை. சொன்னவர்களுக்கு மட்டும், நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அதில் கூழ், கஞ்சி, மோர், டீ, ரசம் எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பிவைத்து, எதைக் குடித்தாலும் அதே அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிட்டால் கணக்கு தப்பாது.

எடை மெஷின்

இந்த நோய்க்கு வீட்டில் வாங்கவேண்டிய ஒரே கருவி எடை மெஷின். பி.பி. மெஷின்கூட அடுத்ததுதான். உடம்பில் சேரும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீங்கித் தெரிவதற்குள் பல லிட்டர் சேர்ந்துவிடும். மெஷின் முதல் லிட்டரையே காட்டிக்கொடுக்கும். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், அதே மாதிரி மெல்லிய உடுப்பில், சமமான தரையில் (பாய் மீதோ மேட் மீதோ வைத்தால் தப்பாகக் காட்டும்) நின்று பார்த்து, சுவர்க் காலண்டரின் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். டிஸ்சார்ஜ் அன்று வீக்கம் வடிந்த நிலையில் இருந்த எடைதான் ‘காய்ந்த எடை’. அதைச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். சிலருக்கு அந்த நேரத்தில் கூடுதலாக ஒரு நீர் மாத்திரை போட்டுக்கொள்ள முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு பொறி இதிலும் உண்டு: மாதக்கணக்கில் பசியில்லாமல் தசை கரைந்துகொண்டே வந்தால், நீர் ஏறியும் எடை ஒரே மாதிரி நிற்கும். இடுப்பு வேட்டி இறுகுகிறது, தோளும் தொடையும் ஒட்டிப்போகிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள்.

மாத்திரைப் பெட்டி

இ.எஃப். குறைந்தவர்களுக்கு இன்று நாலு வகை மருந்து அடித்தளம். ஒன்று, ராமிப்ரில், எனலாப்ரில் வகை, அல்லது அதற்குப் பதில் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன். இரண்டு, கார்வெடிலால், பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் சக்சினேட் ஆகிய பீட்டா பிளாக்கர்களில் ஒன்று. மூன்று, ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்ளெரினோன். நாலு, டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. நீர் மாத்திரை இந்த நாலில் சேராது. அது தேக்கத்தை வடிக்கும், வாழ்நாளை நீட்டுவது இந்த நாலும்தான். நீர் வடிந்ததும் ‘நல்லாயிட்டேன்’ என்று இவற்றை நிறுத்தி, நீர் மாத்திரையை மட்டும் கைவசம் வைத்திருப்பது தலைகீழ் வைத்தியம்.

நின்றுபோவதற்கு வீட்டார் சொல்லும் காரணங்கள் இரண்டு. ‘பிரஷரே 100 தான் கீது, எதுக்கு பிரஷர் மாத்திரை?’ ‘சுகரே இல்ல, எதுக்கு சுகர் மாத்திரை?’ மருந்துக் கடைக்காரரும் சில நேரம் இதையே கேட்டு வைப்பார். இவை அழுத்தத்துக்காகவோ சர்க்கரைக்காகவோ தரப்படவில்லை. முதல் மூன்றும் சிறுநீரகமும் அட்ரீனலினும் அனுப்பும் அந்தத் தப்பான மனுவை மறிக்கின்றன. நாலாவது, சர்க்கரை இல்லாதவருக்கும் இதயச் செயலிழப்பில் பயன் தருகிறது என்பது 2019-ல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. 100 அழுத்தத்தில் நடமாடி, தலைசுற்றாமல் இருந்தால் அது இவர்களுக்கு நல்ல அழுத்தம்தான். இதயத்தை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கரைத் தளர்ந்த இதயத்துக்குத் தரவே கூடாது என்றுதான் ஒருகாலத்தில் பாடம் நடத்தினார்கள். 1999-க்குள் வந்த ஆய்வுகள் அதைப் புரட்டிப்போட்டன. ஒரே நிபந்தனை, சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும், திடீரென நிறுத்தக்கூடாது.

தப்பு நடக்கும் இடங்கள் இவை. ராமிப்ரில் வகையால் வறட்டு இருமல் வரலாம். ஆனால் படுத்தால் கூடி, எடையும் ஏறினால் அது மாத்திரை இருமல் இல்லை, நீர். ராமிப்ரிலிலிருந்து சாகுபிட்ரிலுக்கு மாறும்போது நடுவில் 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் முகமும் தொண்டையும் வீங்கலாம். பழைய அட்டை வீட்டில் மிச்சமிருந்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள். ஸ்பைரனோலாக்டோன் தொடங்கி ஒரு வாரத்திலும் நாலு வாரத்திலும் பொட்டாசியம் பார்க்க வேண்டும், 5.5-ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், எப்ளெரினோனுக்கு மாற்றுவார்கள். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் விடுவதால் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், தண்ணீரால் கழுவித் துடைத்து உலர்வாக வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆபரேஷனுக்கு முன் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கியபின் கிரியாட்டினின் முப்பது சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே, அதற்காகத் தாமாக நிறுத்த வேண்டாம்.

ஒரு வருடத்தில் இ.எஃப். 30-லிருந்து 50-க்கு ஏறியவர்கள் பலர். ‘சரியாயிடுச்சு, மாத்திரை எதுக்கு’ என்ற கேள்விக்கு 2018-ல் ஒரு ஆய்வு பதில் சொன்னது. விரிந்து தளர்ந்து, பிறகு மருந்தால் தேறிய இதயங்களில் மருந்தை மெல்ல மெல்ல நிறுத்திப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் மறுபடி தளர்ந்தது.

மூன்று மாதம் முழு மருந்து எடுத்தும் இ.எஃப். 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர்த் துடிப்புக் கோளாறால் மரணம் நேரும் ஆபத்து இருப்பதால் ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி பற்றிப் பேசுவார்கள். ஈ.சி.ஜி.யில் துடிப்பு அலை அகன்றிருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சுருங்கவைக்கும் சி.ஆர்.டி. என்ற பேஸ்மேக்கர். துடிப்பு ஒழுங்கற்றுப் போனாலோ அறைக்குள் ரத்தம் உறைந்தாலோ பக்கவாதம் வரலாம் என்பதால் ரத்தம் உறையாத மாத்திரையும் சேரும்.

நள்ளிரவில் உட்கார்ந்தும் மூச்சு கிடைக்காமல், ரோஸ் நிறத்தில் நுரைத்த சளி வந்து, உடம்பு சில்லென வியர்த்தால் அது நுரையீரலில் நீர் ஏறிவிட்ட அவசரம். முதுகை நிமிர்த்தி, கால்களைத் தொங்கவிட்டு உட்காரவையுங்கள். தண்ணீர், சோடா, சீரகத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். 108-ஐ அழையுங்கள். காரில் போவதானால் பின் சீட்டில் மடியில் தலைவைத்துப் படுக்கவைக்காதீர்கள். வழியிலேயே மோசமாவது அப்படித்தான். முன் சீட்டை நிமிர்த்தி உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் முதல் சில வாரங்கள்தான் மறுபடி வார்டுக்குத் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள நாட்கள். அதனால் மறுபரிசோதனை 7 முதல் 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ‘ஒரு மாசம் கழிச்சு வாங்க’ என்றால் முன்னதாகத் தேதி கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் பையில் இருக்கவேண்டியவை: பழைய எக்கோ ரிப்போர்ட்டுகள் எல்லாம், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் (கால்வலி மாத்திரையின் அட்டையும் சேர்த்து), கடைசிக் கிரியாட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட், எடை எழுதிய காலண்டர் தாள்கள்.